சர்க்கரை நோயும் சிந்தனைத் திறனும்

1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பெருமக்கள் கூடியிருந்த அவையில், நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். ஒரே பொழுதில் பலர் தொடுக்கும் வினாக்களை உள்வாங்கி, ஒன்றோடொன்று குழம்பாமல் நினைவில் நிறுத்தி, உரியவர்க்கு உரிய விடையைத் திருப்பித் தருவது அவதானக் கலை. அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். இன்றைய உளவியலார் கவனம், நினைவு, விரைவு, திட்டமிடல் எனத் தனித்தனியே பிரித்து அளக்கும் ஆற்றல்கள் அனைத்தும் அக்கலையில் ஒருங்கே இயங்குகின்றன. தமிழிலக்கிய வகுப்பில் பாவலரின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் நிமிர்ந்து அமர்வதைக் கண்டிருக்கிறேன்; சொல்லும் எனக்கும் பெருமிதம் உண்டாகும்.

அந்தப் பெருமிதத்தோடு வகுப்பறைக்குள் நுழையும் எனக்குச் சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் நேர்ந்தது இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பத்துப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். பல்லாண்டுகளாக நடத்திவரும் பாடம். நெடுநல்வாடையைப் பாடிய புலவர் யார் என்று சொல்ல வாய் திறந்தேன். நக்கீரர் என்னும் பெயர் நாவில் வரவில்லை. நெற்றி வியர்த்தது, சுண்ணக்கட்டி பிடித்த கை நடுங்கியது, கரும்பலகையில் நானே எழுதிய எழுத்துகள் எனக்கே விளங்கவில்லை. முன் வரிசையிலிருந்த மாணவர் எழுந்து வந்து, “சார், உக்காருங்க சார்” என்று தோளைப் பற்றி அமர்த்தினார். மற்றொருவர் ஓடிச்சென்று சிற்றுண்டிச்சாலையிலிருந்து சர்க்கரை மிகுதியாகக் கலந்த தேநீர் கொண்டுவந்தார். கால்மணி நேரத்தில் நக்கீரரும் திரும்பினார், நானும் திரும்பினேன்.

மருத்துவர் கேட்ட முதல் வினா, “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்பதுதான். ஒன்றும் சாப்பிடவில்லை. முதல் மணிக்கு நேரமாகிவிட்டதென்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஓடிவந்திருந்தேன். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை அது. உணவு உள்ளே வராதபோது இரத்தத்திலிருந்த சர்க்கரையும் தாழ்ந்துபோயிற்று. நீரிழிவுடையோர்க்குச் சர்க்கரை கூடுவது மட்டுமே தீங்கு என்று அதுவரை எண்ணியிருந்தேன். குறைந்தாலும் கேடு, அக்கேடு முதலில் தட்டும் கதவு மூளை என்பதை அன்று என் வகுப்பறையிலேயே கற்றேன்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் பேசப்படாத நாளில்லை. காலில் புண் ஆறவில்லை, கண்ணில் திரை, சிறுநீரகத்தில் பழுது என்று பேசுகிறோம். ஆனால் நினைவையும் கவனத்தையும் அந்நோய் தொடக்கூடும் என்பதைப் பேசுவாரில்லை. மற்றொரு புறம், உடல் பருத்தவரைக் கண்டால் அறிவும் மந்தமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டும் வழக்கம் வகுப்பறையிலும் வீட்டிலும் வேரூன்றியிருக்கிறது. முன்னது அறியாமை, பின்னது அநீதி. இவ்விரண்டையும் கல்வி நிலையம் ஒருசேரக் களைய வேண்டும் என்பதே என் கருத்து.

மூளையின் உணவு

மனித உடலின் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். எனினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோசு அதற்கு வேண்டும். நெல்லைச் சேமிக்கும் குதிர்போல ஈரலும் தசையும் குளுக்கோசைச் சேமித்துவைக்கின்றன. மூளைக்கு அத்தகைய சேமிப்பு மிகச் சிறிது. இரத்தம் கொண்டுவந்து தருவதை அன்றாடம், ஏன், நொடிதோறும் பெற்று உண்ணும் உறுப்பு அது. எனவேதான் சர்க்கரை தாழ்ந்த சில நிமிடங்களிலேயே பேச்சு குழறுகிறது, பெயர் மறக்கிறது, சிலர் காரணமின்றிச் சினம் கொள்கின்றனர்.

சர்க்கரை மிகும்போது நேர்வது வேறு. அது மெல்ல நிகழ்வது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நிகழ்வது. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் அதே நோய், மூளைக்குள் செல்லும் நுண்குழாய்களை மட்டும் விட்டுவைப்பதில்லை. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் இக்குழாய்களை நம்பியே வாழ்கின்றன. குழாய் தடித்து இரத்தம் குறைந்தால் இணைப்பு தளரும். விடை தெரியும், ஆனால் வரத் தாமதமாகும். ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மனம் தாவுவது கடினமாகும்.

இன்சுலினுக்கும் மூளையில் வேலை உண்டு. நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதியில் இன்சுலினை ஏற்கும் வாயில்கள் மிகுதியாக உள்ளன. வயிற்றைச் சூழ்ந்து கொழுப்பு மிகும்போது உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் முரண்டுபிடிக்கத் தொடங்குகிறது. அக்கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இரத்தத்தில் கலக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. பருமனும் நீரிழிவும் கைகோத்துவரும் உறவு இவ்வாறே உண்டாகிறது. அவ்வுறவின் சுமை மூளையின்மீதும் இறங்குகிறது.

ஆய்வுகள் உரைப்பன

இஃது ஊகமன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6000க்கும் மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து கண்காணித்தவர்கள் 1999இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நீரிழிவுடைய முதியோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, அந்நோய் இல்லாதாரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பது அம்முடிவு. அமெரிக்காவின் வடகலிபோர்னியாவில், 40 முதல் 45 வயதுக்குள் உடல்நலம் சோதிக்கப்பட்ட 10,276 பேரைச் சராசரியாக 27 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நடுவயதில் மிகுபருமன் கொண்டிருந்தோர்க்கு முதுமையில் மறதிநோய் வரும் வாய்ப்பு, இயல்பான எடையினரைவிட 74 விழுக்காடு மிகுதி என்று அது காட்டிற்று. இலண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்துவரும் ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவோ இன்னும் கூர்மையானது. 70 வயதை அடையும்போது பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவோடு வாழ்ந்திருப்போர்க்கு இடர் ஏறத்தாழ இருமடங்கு. 70ஐ ஒட்டி நோய் வந்தோர்க்கோ வேறுபாடு சிறிதே. நோய் எவ்வளவு இளமையில் வருகிறதோ அவ்வளவுக்கு மூளை செலுத்தும் வரியும் நீள்கிறது.

இவ்வெண்களைப் படித்து அஞ்சுவார்க்கு ஒன்று கூறவேண்டும். இருமடங்கு வாய்ப்பு என்பது இருவரில் ஒருவர்க்கு வரும் என்பதன்று. நீரிழிவுடையோரில் மிகப் பலர் இறுதிவரை தெளிந்த நினைவோடு வாழ்கின்றனர். நடுவயதில் சோதனை வைத்தால் தெரியும் வேறுபாடும் பெரும்பாலும் சிறிது. கூட்டமாக எடுத்து அளந்தால் புலப்படும் அந்த வேறுபாட்டைத் தனியொருவரின் நெற்றியில் ஒட்டுவதற்கு எவர்க்கும் உரிமையில்லை. எனினும் காலைச் சோதிக்கிறோம், கண்ணைச் சோதிக்கிறோம் எனில், நினைவையும் நினைத்துப்பார்ப்பதில் தவறென்ன?

நம் நாட்டு நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நிகழ்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் சுமார் 10 கோடியே 10 இலட்சம். நீரிழிவின் வாயிலில் நிற்போர் மேலும் சுமார் 13 கோடியே 60 இலட்சம். தமிழகத்திற்கு இந்நோய் புதிதன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் 1948லேயே நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார் என்பதே நம் மண்ணில் அதன் பழமைக்குச் சான்று.

“நான் ஒல்லிதானே, எனக்கேன் கவலை?” என்பாரும் நம்மிடை உளர். அவர்கள் கேட்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து 2004இல் ஒரு படத்தோடு வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறைக் குறியெண் இருவர்க்கும் 22.3 தான். ஆனால் உடலிலிருந்த கொழுப்போ ஆங்கிலேயர்க்கு 9.1 விழுக்காடு, இந்தியர்க்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருப்பது நம்மவர் உடலமைப்பு. ஆதலால்தான் மேலைநாட்டார்க்கு 30 என்று வகுத்த பருமன் எல்லையை நமக்கு 25 என்று மருத்துவர்கள் குறைத்துள்ளனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோ எடையை எட்டினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் மிகாதிருத்தல் வேண்டும். தையற்காரரின் அளவு நாடா ஒன்றே இச்சோதனைக்குப் போதும்.

மந்தம் என்னும் சொல்

தமிழில் மந்தம் என்னும் சொல் இரண்டு இடங்களில் வழங்குகிறது. செரிக்காத வயிற்றை வயிற்று மந்தம் என்கிறோம். விரைந்து விளங்கிக்கொள்ளாத அறிவைப் புத்தி மந்தம் என்கிறோம். ஒரே சொல் இரண்டிற்கும் நிற்பதாலோ என்னவோ, வயிறு பெருத்தவனைக் கண்டால் அறிவையும் அதே சொல்லால் அளந்துவிடுகிறோம். பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்வது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாம் ஆண்டில் பருத்த உடலுடைய மாணவர் ஒருவர் இருந்தார். நண்பகலுக்குப் பிந்திய வகுப்புகளில் உறங்கிவிடுவார். ஒருநாள் பொறுமையிழந்து, அவருடைய உடலையும் உணவையும் சேர்த்து, மந்தம் என்னும் அச்சொல்லை வகுப்பினர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் எழுந்து நின்று, “தூங்கணும்னு தூங்கலை சார். கண்ணு தானா சொருகுது” என்றார். அதையும் சாக்கு என்றே எண்ணினேன்.

அடுத்த வாரம் அவருடைய தாயார் துறைக்கு வந்தார். சண்டையிட வரவில்லை. “ராத்திரியெல்லாம் புள்ளை குறட்டை விடுறான் சார். நடுவுல மூச்சே நின்னு போற மாதிரி இருக்கு. பயந்து நான் எழுப்பிவிடுறேன். பகல்ல தூங்கினா அடிக்காதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதன்பின் மருத்துவரிடம் சென்றபோதுதான் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் என்று தெரிந்தது. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்தவர்க்கு உறங்கும்போது மூச்சுப்பாதை அடைபடும். மூச்சு நிற்பதும் திடுக்கிட்டு மீள்வதுமாக இரவில் பலமுறை நிகழும். எட்டு மணிநேரம் படுத்திருந்தும் உறங்காதவரின் நிலைதான் விடியலில் மிஞ்சும். கவனமும் நினைவும் குன்றாமல் என்ன செய்யும்? சிகிச்சையால் அவருடைய பகலுறக்கம் பெரிதும் குறைந்தது. முதல் மாணவராகிவிட்டார் என்று கதை சொல்லமாட்டேன். விழித்திருந்து படித்தார், தேறினார், இன்று நல்ல பணியில் இருக்கிறார். நான் சொன்ன சொல்லை அவர் மறந்திருக்கலாம். என்னால் மறக்க இயலவில்லை.

அறிவின் குறையென்று நான் கண்டது உறக்கத்தின் குறை; மருந்தால் மாறக்கூடிய குறை. பருமனுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் சில உள்ளன. ஆனால் அத்தொடர்பில் உறக்கக் கேடு எவ்வளவு, உடற்பயிற்சியின்மை எவ்வளவு, வறுமை எவ்வளவு, ஏளனத்துக்கு அஞ்சி வகுப்பைத் தவிர்ப்பது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஏளனம் செய்யும் ஆசிரியரும் அம்மதிப்பெண் குறைவுக்கு ஒரு காரணம் என்பதை நான் பட்டறிந்தேன்.

சிறுவயதிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் இங்கே கூறுதல் பொருந்தும். “இவனால் படிக்க முடியுமா?” என்று அவர்களைக் குறித்துப் பெற்றோரே கலங்குகின்றனர். டென்மார்க்கில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களுள் 2031 பேர் முதல்வகை நீரிழிவுடையோர். வாசிப்பிலும் கணக்கிலும் இவர்கள் பெற்ற மதிப்பெண்ணுக்கும் மற்றப் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முறையான மருத்துவமும் பள்ளியின் துணையும் கிடைத்தால் நோய் கல்விக்குத் தடையாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நோன்பும் நீரிழிவும்

நம் கல்லூரிக் குடும்பத்தில் பெரும்பாலோர் நோன்பு நோற்பவர்கள். ஆதலின் இப்பொருளைத் தொடாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடையோரில் 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தது தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழும் நிகழ்வு அம்மாதத்தில் அவர்களிடையே ஏறத்தாழ ஏழரை மடங்கு பெருகியதும் தெரியவந்தது.

என் வகுப்பறையில் எனக்கு நேர்ந்தது அந்தத் தாழ்வின் மிக எளிய வடிவம். அதன் கடிய வடிவம் நினைவிழக்கச் செய்யும், வலிப்பைக் கொண்டுவரும். இத்தகைய கடுந்தாழ்வு மீண்டும் மீண்டும் நேர்ந்த முதியோர்க்குப் பிற்காலத்தில் மறதிநோய் மிகுதியாகக் காணப்படுவதை 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும் சுட்டியது.

இதற்காக நோன்பை விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. மருத்துவரைக் கேட்டு நோறுங்கள் என்பதே வேண்டுகோள். ரமலானுக்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டால் மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றித் தருவார். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை முடித்துக்கொள்ளவேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் தெளிவுபடுத்தியுள்ளனர். நோயாளி வேறு நாளில் நோற்கவும், நோற்கவே இயலாத நீடித்த நோயினர் ஏழைக்கு உணவளிக்கவும் மார்க்கமே வழிவகுத்திருக்கிறது. இறைவன் அளித்த சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு? ஊரார் என்ன சொல்வார்களோ என்று மயங்கி விழும்வரை நோன்பிருக்கும் முதியவரைத் தடுக்கவேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகளே.

நோன்பு திறக்கும் வேளையின் மிகையும் எண்ணிப்பார்க்கத்தக்கது. கஞ்சியும் பேரீத்தம்பழமும் போதுமான இடத்தில் வடை, சமோசா, இனிப்புச் சர்பத்து என்று அடுக்கி, பகலெல்லாம் தாழ்ந்திருந்த சர்க்கரையை ஒரே மூச்சில் உச்சிக்கு ஏற்றுகிறோம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்துப் பத்துப் பாக்களுள் ஆறு உணவைப் பற்றியே பேசுவதைத் தமிழ் மாணவர் அறிவர். மருந்தைப் பாடவந்த புலவர் உண்ணும் முறையைப் பாடிவைத்தது ஆழ்ந்து கருதத்தக்கது.

மீட்சி உண்டா?

உண்டு, ஆனால் காலத்தோடு தொடங்கவேண்டும். பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுவரையுள்ள 1260 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருசேர இரண்டாண்டுகள் பின்பற்றியோரின் அறிவுத்திறன் சோதனை முன்னேற்றம், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. தனியொரு மருந்தும் இல்லை. தனியொரு காயும் இல்லை. நான்கும் சேர்ந்த வாழ்க்கைமுறையே பயன் தந்தது.

இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. வட அமெரிக்காவில் நெடுநாள் நீரிழிவுடைய ஏறத்தாழ 3000 பேரிடம் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. 40 மாதங்களுக்குப் பிறகும் அவர்களுடைய சிந்தனைத் திறனில் அதனால் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. காலம் கடந்தபின் எண்ணை மட்டும் துரத்துவதால் பயன் சிறிது. முதியவர்க்கு அவ்வாறு துரத்துவதில் தாழ்நிலை என்னும் இடரும் உண்டு. எனவே முப்பதிலும் நாற்பதிலும் விழித்துக்கொள்வதே அறிவுடைமை.

மறதி என்றவுடன் மூளை தேய்ந்துவிட்டதென்று முடிவுகட்டுவதும் பிழை. நெடுநாள் மெட்பார்மின் மாத்திரை உட்கொள்வோர் சிலர்க்கு வைட்டமின் பி12 குறைகிறது. அக்குறையும் நினைவைத் தளரச்செய்யும். ஓர் இரத்தச் சோதனையில் கண்டுபிடித்து எளிதில் ஈடுசெய்யத்தக்க குறை அது. மனச்சோர்வு, உறக்கக் கேடு, தைராய்டுக் குறை, செவிப்புலன் மங்குதல் ஆகியனவும் மறதியின் தோற்றத்தில் வரும். “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று பெரியவர்களை ஒதுக்கிவைக்குமுன் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடன்.

நாம் செய்யத்தக்கவை

கருத்துரைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது ஆசிரியர்க்கு அழகன்று. நம் கல்லூரியும் நம் சமுதாயமும் பெரும்பொருள் செலவின்றிச் செய்யத்தக்க சிலவற்றைப் பெரியோர் முன் வைக்கிறேன்.

முதலாவது, தேர்வுக்கூடம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர் இனிப்பு, பழம், தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வுக்கூடத்திற்குள் கொண்டுசெல்லலாம் என்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017இலேயே 10, 12ஆம் வகுப்பினர்க்கு இசைவளித்தது. நம் உள்தேர்வுகளிலும் அந்த இசைவை எழுத்து வடிவில் தருவோம். கையில் இனிப்போடு வரும் மாணவரை ஐயத்தோடு சோதிக்கும் கண்காணிப்பாளர் அதன்பின் இருக்கமாட்டார்.

இரண்டாவது, சிற்றுண்டிச்சாலை. கேட்டால் மட்டும் சர்க்கரை என்னும் ஒரு பலகை போதும். தேநீர்க் கோப்பையில் இரண்டு கரண்டிச் சர்க்கரையை முன்னரே கலந்துவைத்துவிட்டு மாணவர்க்கு நலவாழ்வு நாள் கொண்டாடுவதில் பொருளில்லை. கொண்டைக்கடலைச் சுண்டலும் பாசிப்பயறும் சமோசாவைவிட விலை குறைந்தவையே.

மூன்றாவது, விளையாட்டுத் திடல். மாலையில் பூட்டிக்கிடக்கும் நம் திடலைச் சுற்றுவட்டாரப் பெரியவர்கள் நடப்பதற்குத் திறந்துவிடலாம். நம் இல்லத்துப் பெண்களுக்கோ நடக்க இடமே இல்லை. தெருவில் நடந்தால் பேச்சு. வீட்டுக்குள் நடக்க முற்றமில்லை. பிள்ளைப்பேற்றின்போது சர்க்கரை தோன்றிப் பின் மறைந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அறிந்தும், “நட” என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்க இடம் தராதிருப்பது நம் குற்றமன்றோ? விடியற்காலையில் ஒரு மணிநேரம் திடலைப் பெண்களுக்கென ஒதுக்க நிருவாகத்தினர் மனம்வைக்க வேண்டுகிறேன்.

நான்காவது, விருந்து. வலீமாவில் பிரியாணியோடும் தாள்ச்சாவோடும் ஓர் இனிப்பு நின்றால் எவர் மனமும் புண்படாது. இரண்டாம் இனிப்பும் மூன்றாம் இனிப்பும் வீட்டாரின் மதிப்பைக் காட்ட வைக்கப்படுகின்றன. “இன்னும் கொஞ்சம் வைங்க” என்னும் அன்புக் கட்டளையை நீரிழிவுடைய முதியவரால் மறுக்க முடிவதில்லை. உண்ணென்று வற்புறுத்தாதிருப்பதும் விருந்தோம்பலே.

ஐந்தாவது, ஆசிரியரறை. நாற்பதைக் கடந்த நாமே ஆண்டுக்கொருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வோம். நேராமல் காப்பதற்குரிய சோதனையை நேர்ந்தபின் செய்தவன் நான், என்னைப் பின்பற்றவேண்டா.

நிறைவாக

மாணவச் செல்வங்களே, தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்து, பரோட்டாவும் குளிர்பானமும் உண்டு, காலை உணவைத் துறந்து கூடத்துக்குள் நுழைகிறீர்கள். உறங்காத இரவு நீங்கள் படித்ததைப் பதியவிடாது. நாளும் அரைமணி நேர நடையும், நிறைவான உறக்கமும், அளவான உணவும் பாடப்புத்தகத்துக்குப் பகையல்ல, துணை.

பருத்த உடலையோ, இன்சுலின் ஊசியையோ சுமந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவரை நோக்கி ஒரு சொல். உங்கள் அறிவை உங்கள் எடையால் அளக்கும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை. அளந்தால், “சார், அது தவறு” என்று எழுந்து சொல்லுங்கள். அன்று ஒரு மாணவர் எழுந்து சொன்னதை நான் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. இனிக் கேட்பேன்.

பெரியோர்களே, நூறு செய்திகளில் ஒருங்கே கவனம் செலுத்திய பாவலர் பிறந்த மரபு நம் மரபு. அத்தகைய ஆற்றல் நூற்றாண்டுக்கு ஒருவர்க்கே வாய்க்கலாம். ஆனால் பேரப்பிள்ளையின் பெயரை மறவாமல் அழைத்துக்கொண்டே முதுமையைக் கடக்கும் நல்வாய்ப்பு நம்மில் பலர்க்கு எட்டக்கூடியதே. அதற்குரிய முயற்சியில் ஒரு பகுதி மருத்துவமனையில் நடக்கும். பெரும்பகுதி நம் அடுக்களையிலும், திடலிலும், வகுப்பறையிலும் நடக்கவேண்டும்.